வேறு மாநிலத்தில் வாங்கிய டிக்கெட்: கட்டிவிடுவதா, கோர்ட்டில் பார்ப்பதா?

வட கரோலினாவின் கேரி ஊரில் மச்சினியின் வளைகாப்பை முடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் நியூஜெர்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின் சீட்டில் பையன் தூங்கிவிட்டான். கட்டிக் கொடுத்த புளியோதரை வாசனை கார் முழுக்க. ஐ-95 நெடுஞ்சாலையில் வர்ஜீனியா எல்லை தாண்டிக் கொஞ்ச தூரம்தான் வந்திருப்போம், கண்ணாடியில் நீல விளக்கு சுழன்றது. வேக வரம்பு 70 மைல். அதிகாரி சொன்ன கணக்கு 83. நான் 79-இல் போவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சம்மன் தாளை, அதாவது வேக டிக்கெட்டை, நீட்டினார். கையெழுத்துப் போட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று தயங்கினேன். மனைவி மெதுவாக, "பேசாம போட்டுக் குடுங்க" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. அந்தக் கையெழுத்துக்கு, குறித்த தேதிக்குள் பதில் சொல்கிறேன் என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை.

அன்று இரவு மூன்று பேரிடம் போனில் பேசினேன். நியூயார்க் குயின்ஸில் இருக்கும் சகலை, "ஆன்லைன்ல கட்டிட்டுத் தலைமுழுகுங்க" என்றார். எங்கள் எடிசன் அபார்ட்மென்டிலேயே இருக்கும் நண்பன், "வேற ஸ்டேட்தானே, கண்டுக்காத, நம்ம ரெக்கார்டுக்கு வராது" என்றான். ஆபீசில் கூட வேலை செய்பவர், "காசு கட்டிடாதீங்க, முதல்ல லாயரைப் பாருங்க" என்றார். மூவருமே அனுபவப்பட்டவர்கள் மாதிரிதான் பேசினார்கள். யார் சொல்வதைக் கேட்பது என்று புரியாமல் இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது: டிக்கெட் கொடுத்த மாநிலத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். ஆனால் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உங்களுக்கு லைசென்ஸ் கொடுத்த மாநிலம். அபராதத் தொகை இந்தக் கணக்கில் கடைசியாகப் பார்க்க வேண்டியது.

ஒரு மாநிலத்துச் செய்தி இன்னொரு மாநிலத்துக்கு எப்படிப் போகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1960-களின் தொடக்கத்தில் உருவான ஓட்டுநர் உரிம ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. ஒரு ஓட்டுநருக்கு ஒரு லைசென்ஸ், ஒரு ரெக்கார்டு என்பதுதான் அதன் அடிப்படை. நீங்கள் வர்ஜீனியாவில் தண்டனை பெற்றால் வர்ஜீனியா அதை நியூஜெர்சிக்குத் தெரிவிக்கும். ஜார்ஜியா, மாசச்சூசெட்ஸ், மிச்சிகன், டென்னசி, விஸ்கான்சின் ஆகிய ஐந்தும் இதில் சேராதவை என்று வழக்கமாகச் சொல்வார்கள். இந்தப் பட்டியலைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். மிச்சிகன் ஒப்பந்தத்தில் இல்லை, ஆனாலும் தன் ஊர்க்காரர் வெளியில் வாங்கும் டிக்கெட்டுக்குப் பாயிண்ட் (குற்றத்துக்கு ஏற்ப ஓட்டுநர் ரெக்கார்டில் ஏறும் தண்டனை எண்) போடுகிறது. மாசச்சூசெட்ஸின் இன்சூரன்ஸ் முறையும் வெளி மாநிலக் குற்றங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

இந்த ஒப்பந்தத்தில் பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. குடித்துவிட்டு ஓட்டுவது, வண்டியால் உயிர் போகக் காரணமாவது, ஆளை இடித்துக் காயப்படுத்திவிட்டு நிற்காமல் போவது, வண்டியை வைத்துப் பெருங்குற்றம் செய்வது, இந்த நான்கை மட்டும் சொந்த மாநிலம் தன் மண்ணிலேயே நடந்ததுபோல நடத்தியாக வேண்டும். வேகம், சிக்னல், லேன் மாற்றம் போன்ற சின்ன விஷயங்களில் என்ன செய்வது என்பதை அந்தந்த மாநிலச் சட்டத்துக்கே விட்டுவிட்டார்கள். அதனால்தான் சகலைக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம்.

நியூஜெர்சி லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு, வெளியில் வாங்கும் சாதாரண ஓட்டுதல் குற்றம் எதுவானாலும் 2 பாயிண்ட். உள்ளூரில் அதே வேகக் குற்றம் 2, 4, 5 என்று ஏறும். வெளியூர் என்றால் 2-தான். நியூயார்க் லைசென்ஸ்காரருக்கு, கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்களைத் தவிர வேறு எங்கே சாதாரண டிக்கெட் வாங்கினாலும் ரெக்கார்டில் ஏறாது. போதையில் ஓட்டியது போன்ற கடுமையான குற்றங்கள் அவர்களையும் விடாது. கலிஃபோர்னியா வெளியூர்க் குற்றத்துக்கும் பாயிண்ட் போடும். உள்ளூர் டிக்கெட் என்றால் டிராஃபிக் ஸ்கூல் போய் மறைத்துக்கொள்ளும் வசதி உண்டு, வெளியூர் டிக்கெட்டுக்கு அது கிடைக்காது. டெக்சஸில் பாயிண்ட்டுக்குக் கூடுதல் கட்டணம் வாங்கும் திட்டத்தையே 2019 செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள். ஆக, "கட்டிட்டுத் தலைமுழுகுங்க" என்று சகலை சொன்னது அவருடைய லைசென்ஸுக்கு நூற்றுக்கு நூறு சரி. எனக்கு அப்படியே பொருந்தவில்லை.

இனி என் கணக்கு. வர்ஜீனியாவில் வரம்புக்கு மேல் போன ஒவ்வொரு மைலுக்கும் 6 டாலர் அபராதம். 13 மைலுக்கு 78 டாலர், அதற்கு மேல் கோர்ட் செலவு. இவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் அதற்கு எட்டு மாதம் முன்புதான் எடிசன் பக்கத்தில் ரூட் 1-இல் ஒரு வேக டிக்கெட் வாங்கி 4 பாயிண்ட் ஏறியிருந்தது. இந்த 2-ம் சேர்ந்தால் 6. நியூஜெர்சியில் மூன்று வருடக் கணக்கில் 6 பாயிண்ட் சேர்ந்துவிட்டால் மாநிலம் தனியாக 150 டாலர் சர்சார்ஜ், அதாவது கூடுதல் கட்டணம், போடும், ஆறுக்கு மேல் ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் இன்னொரு 25. ஒரு தடவை கட்டிவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. அந்த மூன்று வருடக் கணக்கில் 6 நிற்கிறவரை ஆண்டுதோறும் பில் வரும். 12 பாயிண்ட் என்றால் லைசென்ஸே நிறுத்தப்படும். ஒரு வருடம் தவறு எதுவும் இல்லாமல் ஓட்டினால் 3 பாயிண்ட் குறையும், பாதுகாப்பாக ஓட்டக் கற்றுத்தரும் டிஃபென்சிவ் டிரைவிங் வகுப்பு முடித்தால் 2 குறையும். அந்த வகுப்புச் சலுகை ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதான்.

பாயிண்ட்டை விட எனக்குக் கவலை இன்சூரன்ஸ். கம்பெனிகள் பிரீமியம் புதுப்பிக்கும்போது உங்கள் ஓட்டுநர் ரெக்கார்டை வாங்கிப் பார்ப்பார்கள். அவர்களுக்கு மாநிலம் போட்ட பாயிண்ட் முக்கியமில்லை, என்ன குற்றம் என்று எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம். வகுப்புக்குப் போய்ப் பாயிண்ட்டைக் குறைத்தாலும் குற்றம் என்ற வரி ரெக்கார்டில் அப்படியே இருக்கும். சாதாரணமாக மூன்று முதல் ஐந்து வருடம் அது பிரீமியத்தில் பேசும்.

சரி, என்னென்ன வழிகள் இருக்கின்றன?

அபராதத்தைக் கட்டுவது சுலபம்தான், ஐந்து நிமிட வேலை. ஆனால் கட்டுவது என்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது. கட்டிய அன்றே அது தண்டனையாகப் பதிவாகி சொந்த மாநிலத்துக்குக் கிளம்பிவிடும். "காசுதானே கட்டினேன், தப்புன்னு ஒத்துக்கலையே" என்று பின்னால் சொல்ல முடியாது. ரெக்கார்டு சுத்தமாக இருக்கிறது, சொந்த மாநிலம் 2 பாயிண்ட்டோடு விட்டுவிடும், நேரம்தான் முக்கியம் என்றால் தாராளமாகக் கட்டலாம். அதில் தப்பே இல்லை.

நேரில் போய் வாதாடுவது கேட்க வீரமாக இருக்கும். எடிசனிலிருந்து நான் டிக்கெட் வாங்கிய கவுண்டிக்கு ஒரு வழிக்கே ஆறு மணி நேரத்துக்கு மேல். ஒரு நாள் லீவு, பெட்ரோல், ஒரு ராத்திரி மோட்டல். போய் நின்றாலும் ரேடார் கணக்குக்கு எதிராக "நான் அவ்வளவு வேகம் போகலை" என்ற வாய்ச்சொல் நிற்காது. டிக்கெட் பக்கத்து மாநிலத்தில் என்றால் இந்த வழியை யோசிக்கலாம்.

அந்த ஊர் லாயர்தான் என் ஆபீஸ் நண்பர் சொன்ன வழி. இது போன்ற வழக்குகளில் அவரே உங்கள் சார்பில் ஆஜராகிவிடுவார், பெரும்பாலும் நீங்கள் போக வேண்டியதில்லை. இவர்கள் நோக்கம் விடுதலை வாங்குவது மட்டுமல்ல. குற்றச்சாட்டையே ரெக்கார்டில் பாதகமில்லாத ஒன்றாக மாற்றுவதுதான் முக்கியமான வேலை. வர்ஜீனியாவில் அப்படி அடிக்கடி கேட்கப்படுவது பழுதான உபகரணம் என்ற குற்றம். அது ஓட்டுதல் குற்றம் இல்லை, வண்டி சம்பந்தப்பட்டது. நியூஜெர்சியும் பாயிண்ட் போடாது.

நான் பேசிய லாயர் முதலில் கேட்ட கேள்வி, "டயர் மாத்தினீங்களா?" ஆமாம், அந்த வருடம் மாற்றியிருந்தேன், பழையதை விடக் கொஞ்சம் பெரிய அளவு, கடைக்காரர் ஒன்றும் ஆகாது என்று சொன்னார். டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்கு வண்டி கூடுதல் தூரம் ஓடும், ஸ்பீடோமீட்டருக்கு அது தெரியாது, உண்மையை விடக் குறைவாகக் காட்டும். உள்ளூர் கேரேஜ் ஒன்றில் வண்டியை உருளைகள் மேல் ஏற்றி ஓடவிட்டு முள்ளைச் சரிபார்த்தார்கள். முள் 79-ஐத் தொட்டபோது அவர்கள் கருவி 83 காட்டியது. அந்த நிமிடம் எனக்கு உண்டான ஆறுதலை இப்போதும் மறக்கவில்லை. அவர்கள் கொடுத்த ஒரு பக்கச் சான்றிதழுக்கு 60 டாலர், லாயருக்கு 350. 79 என்பதும் வரம்புக்கு மேல்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் குற்றச்சாட்டு பழுதான உபகரணமாக மாறியது. அபராதமும் கோர்ட் செலவும் கட்டினேன். அடுத்த வாரமே அந்த டயர்களையும் மாற்றிவிட்டேன்.

410 டாலர் கூடுதல் செலவு என்பது சின்னத் தொகை இல்லைதான். எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: வருடத்துக்கு 150 டாலர் சர்சார்ஜ், அதற்கு மேல் இரண்டு வேகக் குற்றங்களோடு இன்சூரன்ஸ் புதுப்பிப்பு. ஏற்கெனவே அந்த 4 பாயிண்ட் இல்லாமல் இருந்திருந்தால் நான் லாயரைத் தேடியிருக்க மாட்டேன். கட்டிவிட்டுப் போயிருப்பேன்.

வர்ஜீனியாவைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். நம் ஆட்கள் பலருக்கு இது தெரியாது, தெரியாமலே மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே வரம்புக்கு மேல் 20 மைல் போனாலோ, வரம்பு என்னவாக இருந்தாலும் 85-ஐத் தாண்டினாலோ அது ரெக்லெஸ் டிரைவிங், பொறுப்பில்லாமல் ஓட்டிய குற்றம். டிராஃபிக் டிக்கெட் இல்லை, கிரிமினல் வழக்கு. அதிகபட்சம் 12 மாதம் சிறை, 2,500 டாலர் அபராதம் என்று சட்டம் சொல்கிறது. 2020 ஜூலைக்கு முன்பு அந்த எல்லை 80 ஆகவே இருந்தது. 70 மைல் சாலையில் 86 போவது, அதாவது வெறும் 16 மைல் கூடுதல், உங்களைக் கிரிமினல் கோர்ட்டில் நிறுத்தும். நான் 83. இன்னும் மூன்று மைல் போயிருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கும். ரெக்லெஸ் என்று எழுதிய தாளைப் பிடித்துக்கொண்டு ஆன்லைனில் கட்ட வழி தேடாதீர்கள், கட்டவும் முடியாது. லாயரை வைத்துக்கொள்வதுதான் நல்லது. குற்றத்தின் அளவு சிறியது என்று நீதிபதி கருதினால் அதை இம்ப்ராப்பர் டிரைவிங் (முறையற்ற ஓட்டுதல்) என்ற சாதாரணக் குற்றமாக இறக்க அங்கே இடம் இருக்கிறது.

எச்1பி வேலை விசாவிலோ கிரீன்கார்டு வரிசையிலோ இருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி. சாதாரண வேக டிக்கெட் விசாவைத் தொடாது. குடியுரிமை விண்ணப்பத்திலும், கைது இல்லாமல், 500 டாலருக்குக் குறைந்த அபராதமோ பாயிண்ட்டோ மட்டும் போட்ட டிராஃபிக் விஷயத்துக்குக் கோர்ட் ஆவணம் இணைக்கத் தேவையில்லை, போதை சம்பந்தப்பட்டிருந்தால் தவிர. ஆனால் கிரிமினல் தண்டனை என்று வந்துவிட்டால் ஒவ்வொரு விசாப் படிவத்திலும் பதில் சொல்லியாக வேண்டும். குடித்துவிட்டு ஓட்டிக் கைதானால் விசாவையே ரத்து செய்ய வெளியுறவுத் துறைக்கு வழி இருக்கிறது. அந்த நிலையில் டிராஃபிக் லாயரோடு இமிக்ரேஷன் லாயரையும் கேட்டுவிட்டுத்தான் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நியூயார்க்கில் டிக்கெட் வாங்கும் நியூஜெர்சிக்காரர்களுக்குக் கணக்கு வேறு. நம் மாநிலம் 2 பாயிண்ட்டோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் நியூயார்க் தன் பக்கத்திலும் உங்கள் பெயரில் கணக்கு வைக்கும். அங்கே வரம்புக்கு மேல் 21 முதல் 30 மைல் வரை போனால் 6 பாயிண்ட். 6 வந்தாலே வருடத்துக்கு 100 டாலர் வீதம் மூன்று வருடம், அபராதத்துக்கு மேல் தனியாகக் கட்ட வேண்டும். லைசென்ஸ் எந்த மாநிலத்துடையது என்பது அங்கே கணக்கில்லை. கட்டாவிட்டால் நியூயார்க் எல்லைக்குள் நீங்கள் ஓட்டும் உரிமை போய்விடும். இதில் இன்னொரு சூட்சுமம்: நியூயார்க் நகரத்துக்குள் வாங்கிய டிக்கெட்டுகளை விசாரிக்கும் அமைப்பில் பேரம் கிடையாது. குற்றவாளியா இல்லையா, இரண்டில் ஒன்றுதான். நகரத்தை விட்டு வெளியே, சின்ன ஊர்க் கோர்ட்டுகளில் குற்றத்தைக் குறைத்துக் கேட்கலாம். நயாகரா பார்க்கப் போகும் வழியில் மாட்டினால் லாயர் செலவுக்குப் பொருள் உண்டு. நகரத்துக்குள் என்றால் கையில் வலுவான ஆதாரம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் லாயருக்குச் செலவு செய்ய வேண்டும்.

கேமரா டிக்கெட்டுகளை இதோடு குழப்ப வேண்டாம். வாஷிங்டன் டிசி-யில் கேமரா பிடித்து வீட்டுக்கு வரும் நோட்டீஸ் வண்டிச் சொந்தக்காரருக்கு வருவது, யார் ஓட்டினார்கள் என்று அதற்குத் தெரியாது, பாயிண்ட்டும் இல்லை. கெடுவுக்குள் கட்டாவிட்டால் தொகை இரட்டிப்பாகும், அப்புறம் செர்ரி மலர் பார்க்கப் போகும்போது சக்கரத்தில் பூட்டு மாட்டியிருக்கும். வண்டியை ஓட்டியது நீங்கள்தான் என்றால் கட்டிவிடுங்கள்.

கடைசி வழி, என் எடிசன் நண்பன் சொன்னது: கண்டுகொள்ளாமல் விடுவது. இதை மட்டும் யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். அவன் பென்சில்வேனியா டர்ன்பைக்கில் வாங்கிய டிக்கெட்டை டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டதோடு சரி. டிக்கெட்டுக்குப் பதிலே சொல்லாதவர்களுக்காக 1977-இல் வந்த இன்னொரு ஒப்பந்தம் இருக்கிறது, 44 மாநிலங்களும் டிசி-யும் அதில் உண்டு. வெளியூர்க்காரரை அங்கேயே ஜாமீன் பணம் கட்டச் சொல்லாமல், கையெழுத்தை நம்பி அனுப்பிவைக்கிறார்கள். அந்த நம்பிக்கையை மீறினால் சொந்த மாநிலத்துக்குச் சொல்வார்கள். பதில் சொல்லி முடிக்கும்வரை சொந்த மாநிலம் லைசென்ஸை நிறுத்தி வைக்கும். கலிஃபோர்னியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஓரிகன், மொன்டானா, அலாஸ்கா இதில் இல்லை. நாங்கள் இருப்பது நியூஜெர்சி, இருக்கிறது.

நிறுத்துவதற்கு முன் அவனுக்குக் கடிதம் வந்திருக்கிறது, பழைய அபார்ட்மென்ட் விலாசத்துக்கு. வீடு மாறினால் ஒரு வாரத்துக்குள் மோட்டார் வாகன ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது நியூஜெர்சி விதி, யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம்? ஒரு மழை நாளில் பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்திய போலீஸ்காரர்தான் அவனிடம் லைசென்ஸ் செல்லாது என்று சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்கும்போது அவன் மகள் பக்கத்து சீட்டில், நீச்சல் வகுப்புப் பையோடு. நிறுத்தப்பட்ட லைசென்ஸோடு ஓட்டியதற்கு முதல் தடவைக்கே 500 டாலர் அபராதம், மூன்று வருடத்துக்கு வருடம் 250 டாலர் சர்சார்ஜ், லைசென்ஸைத் திரும்ப வாங்க 100. பென்சில்வேனியா டிக்கெட்டையும் கட்டியாக வேண்டும். எனக்கு அந்த யோசனையைச் சொன்னபோது அவனுக்கே இது தெரிந்திருக்கவில்லை. நிறுத்தப்பட்டவர்கள் பெயர்களை எல்லா மாநிலங்களும் பார்க்கும் தேசியப் பதிவேடு ஒன்றும் இருப்பதால், வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து புது லைசென்ஸ் எடுக்கலாம் என்ற எண்ணமும் ஓடாது.

ஆகவே டிக்கெட் கையில் வந்த வாரமே செய்ய வேண்டியது, உங்கள் ரெக்கார்டை வாங்கிப் பார்ப்பது. நியூஜெர்சியில் 15 டாலருக்கு ஐந்து வருட ரெக்கார்டு ஆன்லைனில் கிடைக்கும். அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கட்டுவதா வாதாடுவதா என்று முடிவெடுக்க முடியாது. டிக்கெட்டில் எழுதியிருக்கும் சட்டப்பிரிவு எண்ணையும் பாருங்கள். சாதாரணக் குற்றமா கிரிமினலா என்பது அங்கேதான் இருக்கும். பதில் சொல்ல வேண்டிய தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

போன கோடையில் சகலையும் அதே ஐ-95-இல், கிட்டத்தட்ட அதே இடத்தில், 82-இல் மாட்டினார். போன் பண்ணி, "உங்க லாயர் நம்பர் குடுங்க" என்றார். லைசென்ஸ் இன்னும் நியூயார்க்தானே, பிரிவு சாதாரண வேகம்தானே என்று மட்டும் கேட்டேன். ஆமாம் என்றார். "அப்போ நீங்க எனக்குச் சொன்னதையே செய்யுங்க" என்றேன். பேசிக்கொண்டே கட்டி முடித்துவிட்டு, ரசீதை எனக்கு அனுப்பினார்.